கீழ்க்கரை நீர்

துல்கஃதா பிறை 9, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாசல் மணல் கொதிக்கிறது. ஹஜ்ஜுப் பயணத்துக்குப் பன்னிரண்டு நாள். போகுமுன் மன்னிப்பு, மாப்பு, கேட்க வேண்டியோர்: அயலார் நால்வர், மருதமுனைச் சம்பந்தி, பழைய ஆய்வுகூட உதவியாளர்.

ஒரு பெயரை மட்டும் எழுதவில்லை.

மனைவி: "பெட்டி கட்டுறீங்களா, போத்தல் துடைக்கிறீங்களா?" முப்பதாண்டு நன்னீர்ப் பாசி ஆய்வில் மிஞ்சியவை போத்தல்களும் குறிப்பேடுகளுமே. ஒன்றில் என் கையெழுத்து: "வெள்ளி. குளத்து மேற்குப் படித்துறை நீர் மட்டும். கீழ்க்கரை சேறு, இறங்கவில்லை."

அன்று ஜும்ஆத் தொழுகைக்கென்று வெள்ளைச் சாரன் உடுத்தியிருந்தேன்.

பிறை 10, செவ்வாய்

தொழுகைக்கு உளூச் செய்யும்போது வாளித் தண்ணீரில் குளத்து வாடை. மூன்று முறை மாற்றினேன். போகவில்லை.

அயல்வீட்டார் சிரித்தார்: "மாப்பா? எங்கட மாங்கொப்ப வெட்டினதுக்கா சேர்? சரி, மாப்பு. மக்காவால வரக்குள்ள பேரீச்சம்பழம் மறந்திராதீங்க, மறுகா மாப்ப வாபஸ் எடுத்திருவன்!"

எல்லோரும் எளிதாகத் தருகிறார்கள்.

பிறை 11, புதன்

எழுதிவிடுகிறேன். ஆண்டுகளுக்கு முன், ஒரு கச்சான் காலத்தில், குளத்தில் எருமைகள் செத்தபோது பள்ளிவாசல் நிர்வாகம் என்னிடம் கேட்டது. "நீரில் நச்சுப் பாசி இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். ஜும்ஆவுக்குப் பின் வாசித்தார்கள். பாசி இல்லையென்றால் பூச்சிமருந்து. மருந்தென்றால் கீழ்க்கரை வயலில் முதல்நாள் மருந்தடித்த உதுமாலெவ்வை. ஊர் அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. மகளுக்குப் பேசிய நிக்காஹ் முறிந்தது.

கச்சான் மேற்கிலிருந்து வீசும். மிதக்கும் பாசியைக் கிழக்கே, கீழ்க்கரையில் ஒதுக்கும். இதை வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவன் நான்.

அன்று அறியவில்லை என எழுத வந்தேன். பாதிப் பொய். மறுவாரம் தனியே கீழ்க்கரைக்குப் போனேன். நீலப்பச்சைப் பாசி, பெயின்ற் ஊற்றியதுபோல் தடித்து. ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாய்க்கு முத்திரையிடப்படும் மறுமை நாளில் கை பேசும். கையொப்பமிட்டது இந்தக் கை.

பிறை 12, வியாழன்

போனேன். உதுமாலெவ்வை ஊறிய விதைநெல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மாப்புக் கேட்டு வந்தன், காக்கா."

"ஹஜ்ஜுக்குப் போற ஆக்கள் எல்லாரும்தான் வாறாங்க. ஓம் எண்டு சொல்லி அனுப்புறன். நீங்க என்னத்துக்கெண்டு சொல்லுங்க சேர்."

சொன்னேன். மறுவாரம் கண்டதையும். சாக்குக் கயிற்றை இறுக்கினார், அவிழ்த்தார், மீண்டும் இறுக்கினார்.

"அந்தக் கடிதத்த எங்க வாசிச்சாங்க?"

"பள்ளியில."

"அப்ப என்னட்ட ஏன் வந்த நீங்க?"

பிறை 13, வெள்ளி

காற்று ஓயவில்லை. மனைவி: "ஹஜ்ஜ முடிச்சிட்டு வந்து சொல்லுங்களன். ஊரு சிரிக்கும்." நிர்வாகத் தலைவர்: "பழைய கதையக் கிண்டாதீங்க சேர்." ஆனாலும் ஒலிவாங்கியைத் தந்தார்.

அதே வெள்ளைச் சாரன் அல்ல, ஆனாலும் வெள்ளை. ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "மேற்குப் படித்துறையில் மட்டும் நீரெடுத்தேன்" என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். கடைசி வரிசையில், முதல் கடிதம் வாசித்த அன்றைக்குப் பின் இந்தப் பள்ளிக்கு வராத உதுமாலெவ்வை.

வாசலில் நின்றார். கை நீட்டினார், நானும் ஸலாம் சொல்லிக் கைகொடுக்க நீட்டினேன்.

"அதுக்கில்ல. இப்ப வாசிச்ச கடிதத்தத் தாங்க. மகளுக்குக் காட்டோணும்."

கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மாப்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீடு வந்து பட்டியலில் அவர் பெயரை எழுதினேன்.

பயணத்துக்கு எட்டு நாள்.