பூ ஏற்றும் பிக்கப்

1.11.1988, கிள்ளான்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்குப் பூ ஏற்றும் மணியத்தின் டீசல் பிக்கப் பாதி வழியில் நின்றுவிடும். என் பட்டறைக்கு இழுத்து வந்தால் ஓடும். பம்பையே மாற்றினேன். பிறகும் நின்றது.

இன்று கூடவே போனேன். சுபாங் தாண்டி நின்றது. டீசல் பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, வண்டி கிளம்பியது. மூடியின் துளையில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. காற்று போகாவிட்டால் எந்தப் பம்பு டீசலை இழுக்கும்? பட்டறையில் நான் முதலில் திறப்பதே அந்த மூடியைத்தான். பிறகு எப்படிக் கோளாறு தெரியும்?

துளையைக் குத்திவிட்டு, எல்லாம் விளக்கிச் சொல்லி, பட்டறைக்கு வந்து கைகழுவித் திரும்பினால், மணியம் அதே மூடியில் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறான்.

"அது காஞ்ச சந்தனம் அண்ணே. இது ஈரம் லா."