ரங்கூன் செடி பூத்துவிட்டது

தோஸ்த்,

இன்று காலை உன் ரங்கூன் செடி மூன்று பூ விட்டிருக்கிறது. ஓடிப்போய் முகர்ந்தேன். வாசனையே இல்லை. என் மூக்குதான் அடைத்துக்கொண்டதோ என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "ஒரு வாசனையும் இல்லீங்க, பாக்கத்தான் அழகா கீது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

நீ தோல் வியாபாரத்துக்கு ரங்கூன் போய்வந்தபோது, பூ முடிந்து காம்பு காய்ந்திருந்த அந்த ஆர்க்கிட் செடியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாய். "அங்க ஜன்னலுக்கு ஜன்னல் பூத்துக் கெடக்குதுடா, பட்டாம்பூச்சி ஒக்காந்தாப்ல. எங்க வூட்ல ஆடு வுட்டுவெக்காது. நீ வெச்சு மறுபடி பூக்க வையி" என்றாய். மண் ஆகாது, மரப்பட்டையில்தான் நடவேண்டுமாம். ஆம்பூர் தோல் ஷாப்பில் பட்டைக் கிடங்கு மேஸ்திரி நான். எனக்கா பட்டைக்குப் பஞ்சம்! தோல் பதம் போட வந்த புது ஆவாரம்பட்டையைத் தொட்டி நிறைய அடைத்தேன். ஒரே மாதத்தில் வேர் கறுத்துப்போனது.

நீ வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். "அடப்பாவி, செடியையே பதம் போட்டுட்டியே! செருப்பு தைக்கப் போறியா இன்னா?" அழுகிய வேரை அறுத்தெறிந்து, மழையில் நைந்த மாமரப் பட்டையும் அடுப்புக்கரியும் போட்டு நீயே நட்டாய். செடி பிழைத்தது, இலையும் விட்டது. பூ மட்டும் நாலு வருஷமாக இல்லை. குளிர் ஆகாதென்று நான்தான் தினம் சாயங்காலம் அதை அடுப்படிக்குத் தூக்கிப் போய்விடுவேனே.

போன ஐப்பசியில் நீ படுக்கையில் விழுந்தாய். பார்க்க வந்தேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தவன் முதலில் கேட்டது, "பூத்துச்சாடா?"

இல்லையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "பூத்துச்சு தோஸ்த். வூடு பூரா மல்லியாட்டம் கமகமன்னு வாசனை" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாய்: "ராத்திரில எங்க வெக்கிற?"

"அடுப்படில."

"அடுத்த தபா மார்கழில உள்ள தூக்காத. ஜன்னலாண்டயே வுடு. குளிர் பட்டா இன்னும் ஜாஸ்தி பூக்கும்."

மறுவாரம் நீ போய்விட்டாய். எனக்கு அழுகை அடங்கவே நாளாயிற்று. மார்கழி வந்ததும் நீ சொன்னபடியே விட்டேன். தையில் புதுக்காம்பு எட்டிப்பார்த்தது. இன்று, பங்குனியில், பூ.

இந்தப் பூவுக்கு வாசனை கிடையாதென்று உனக்குத் தெரியாதா? ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தவனாயிற்றே நீ. இனி ஒவ்வொரு மார்கழியும் அதை ஜன்னலில்தான் விடுவேன். ஆனால் தோஸ்த், நான் சொன்னது பொய்யென்று தெரிந்தும் 'அடுத்த தபா' என்றாயே. அதற்குப் பதில் நீ என்னை நன்றாகத் திட்டியிருக்கலாம்.