என்னுடைய என்ற சொல்

8 ஆகஸ்ட் 2006, செவ்வாய்

கோர்ட்டு எதிரே இருக்கும் என் டைப்பிங் கடைக்கு இன்று தாடிக்கொம்பிலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். அவள் முகத்தை வேறொருத்தியின் நிர்வாண உடம்பில் ஒட்டி எவனோ இன்டர்நெட்டில் போட்டிருக்கிறான். "மூஞ்சி மட்டுந்தாண்ணே என்னுது" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் வழக்கமான வேகத்தில், "என்னுடைய ஆபாசப் படத்தை இணையத்தில் வெளியிட்டுள்ளார்கள்" என்று புகாரை அடித்துக் கொடுத்தேன். கூச்சத்தில் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

துணைக்கு ஸ்டேஷனுக்கும் போனேன். ஏட்டு எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார். "என்னுடைய படம்னு நீயே எழுதியிருக்க. நீ குடுக்காம அவனுக்கு எப்புடிம்மா கெடச்சுச்சு?"

"என் தப்பு சார், மாத்தி அடிச்சுத் தாரேன்" என்றேன். அதற்குள் அவள் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போதும்ணே. நான் வாரேன்."

போலிப் படம். ஒட்டுவேலை செய்த படம். பாழாய்ப்போன சொற்கள் இப்போது வரிசையாக வருகின்றன. படத்தைச் செய்தவன் எவனோ. அதை அவளுடையதாக்கிக் கையெழுத்தும் வாங்கியவன் நான்.