ஆப்லார் என்றால் பேசுவது

மார்ச் 4, செவ்வாய்

ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாய்ஸ், ஆப்லான். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவள் பேசுகிறாள், நாம், நீங்கள், அவர்கள். வேலைக்குப் போகும்போது பேருந்தில் பதினெட்டு முறை, திரும்பும்போது பத்து முறை. பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். மந்திரம் போடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"தினமும் ஸ்பானிஷ்ல டயரி எழுதுங்க மேம்" என்று ஆசிரியை சொல்லியிருக்கிறாள். தெரிந்ததே ஆறு சொல். ஆறும் ஒரே வினை. அதனால் தமிழில் எழுதுகிறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம். இருபத்தாறு வயசுப் பெண். கால் சென்டரில் நாள் முழுக்க ஸ்பானிஷ்காரர்களிடம் திட்டு வாங்குவது அவள் வேலை. லீவு நாளில் எனக்கு வகுப்பு.

"ஒரே ஒரு வினையை எல்லாக் காலத்துலயும் முழுசா பிடிங்க மேம். ஒழுங்கான வினை எல்லாம் ஒரே அச்சு. ஒண்ணு வந்துட்டா நூறு வந்த மாதிரி" என்றாள். அவளாகவே எடுத்துக் கொடுத்தது ஆப்லார். பேசுவது. எழுத்தில் முன்னால் ஒரு எச் உண்டு, வாயில் கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத ஆள்.

ஊரில் இத்தனை வினை இருக்க, இதுதான் கிடைத்ததா அவளுக்கு?

மார்ச் 5, புதன்

தேதி வந்துவிட்டது. ஏப்ரல் 11, வெள்ளி, மாலை நாலு மணி. வீடியோவில் நேர்காணல். மொழிபெயர்ப்பாளர் கிடையாது.

வரிசையாக எழுதினால்தான் எனக்கே தலை நிற்கும். தம்பி ஜனவரியில் போய்விட்டான். சாலை விபத்து. அவன் மனைவி இரண்டு வருஷம் முன்பே நோயில் போய்ச் சேர்ந்தவள். மிச்சம் ஏழு வயசுக் குட்டி ஒருத்தி, கடல் தாண்டி, ஒரு காப்பகத்தில். சொந்தம் என்று அவளுக்கு இருப்பது அத்தைக்காரி நான் ஒருத்திதான். அவளுக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. அவளோடு நான் நேராகப் பேசிப் பழக முடியும் என்று காட்டினால் என்னிடம் தருவார்கள். இல்லையென்றால் அங்கேயே ஒரு குடும்பம் அவளைத் தத்துக் கேட்டிருக்கிறது. நல்ல குடும்பமாம்.

நல்லவங்களாவே இருக்கட்டும். நான் என்ன செத்தா போயிட்டேன்?

நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதமும் வேண்டுமாம். நடத்தை, பொறுப்பு, இத்யாதி. அதில் பயமில்லை. ரத்த வங்கியில் பத்தொன்பது வருஷம், ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் குட்டியைத் திரையில் காட்டுவார்கள். பக்கத்தில் அந்த ஊர் அதிகாரி அம்மாள், கையில் நோட்டு.

"ஓலா" என்றேன். "ஓலா" என்றாள். அப்புறம் நான்கு நிமிஷம் நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பதற்றத்தில் எனக்கு வாய்க்கு வந்தது ஒன்றுதான். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்று ஆறையும் ஒப்பித்தேன். குட்டி இடது புருவத்தை மட்டும் தூக்கினாள். அப்படியே தம்பியின் புருவம். நான் ஏதாவது உளறினால் அவன் பார்க்கிற அதே பார்வை.

அதிகாரி அம்மாள் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார்.

மார்ச் 13, வியாழன்

இறந்தகாலம். அது ஒன்று போதாதென்று இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை பேசி முடித்தது ஆப்லே. வழக்கமாகப் பேசிக்கொண்டிருந்தது ஆப்லாபா.

"‘என் தம்பி பேசினான்’னு சொல்லுங்க மேம்." அவளுக்கு எதுவும் தெரியாது, பாவம். தண்ணீர் குடித்தேன். இன்னொரு தடவை குடித்தேன். அப்புறம் சொன்னேன்.

அப்பா இறந்தபோது அவன் வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை, வேலையில் விடவில்லை, என்னவோ சொன்னான். போனில் கத்தினேன். "இனிமே என்கிட்ட பேசாத." பிறந்ததிலிருந்து என் பேச்சை ஒரு நாள் கேட்காதவன், இந்த ஒன்றை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டான். நாலு வருஷம். நடுவில் மனைவி இறந்ததற்கு ஒரு செய்தி அனுப்பினான். இரண்டு வரி பதில் போட்டேன். பால்காரருக்குக்கூட அதைவிட நீளமாக எழுதுவேன்.

மார்ச் 16, ஞாயிறு

பத்து நிமிஷத்தில் குட்டி சொன்னது ஆறு தடவை "நோ". எதற்கு நோ என்றே புரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

எங்கள் வழக்கம் இது. ரத்தப் பை கவுன்ட்டரைத் தாண்டும் முன் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருத்தி பையில் உள்ளதைச் சத்தமாக வாசிப்பாள். இன்னொருத்தி கையில் டாக்டர் அனுப்பிய சீட்டு. அவள் சீட்டைப் பார்த்து, சீட்டில் உள்ளதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றானால் இருவரும் கையெழுத்து. புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதே நான்தான்.

இன்று பை கொட்டாவியிடம், சீட்டு என்னிடம். கொட்டாவி என்பது என்னோடு வேலை பார்க்கும் பெண். எந்நேரமும் வாயைப் பிளப்பாள், நான் வைத்த பெயர். அவள் "பி பாசிட்டிவ்" என்றாள். நானும் "பி பாசிட்டிவ்" என்றேன். பேனாவை எடுத்தேன். கையெழுத்தே போட்டுவிட்டேன்.

சீட்டில் இருந்தது ஓ பாசிட்டிவ்.

நான் சீட்டைப் பார்க்கவே இல்லை. காதில் விழுந்ததைக் கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஆப்லாபா, ஆப்லாபாஸ், ஆப்லாபா ஓடிக்கொண்டிருந்தது. தானும் கையெழுத்துப் போடக் குனிந்த கொட்டாவி வெடுக்கென்று சீட்டைப் பிடுங்கினாள். "அக்கா! என்னக்கா இது!" அவள் முகத்தில் தூக்கமே இல்லை.

அந்தப் பை ஏறியிருந்தால் அந்த ஆள் இந்நேரம்—

மேலே எழுத முடியவில்லை.

மார்ச் 19, புதன்

இப்படி நடந்தால் தவறுப் பதிவேட்டில் அன்றே எழுத வேண்டும். நேற்று எழுதவில்லை. இன்றும் எழுதவில்லை.

கொட்டாவி காதோரம் வந்து சொன்னாள். "பை வெளிய போகல. யாருக்கும் ஏறல. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். உங்க லெட்டர் போகட்டும், குழந்தை வரட்டும். சும்மா இருங்கக்கா."

என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறாள். சொன்னதில் தப்பு என்ன? இருபது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு நாலு வருஷ அனுபவம் இருக்கிறதே.

மத்தியானம் பதிவேட்டை எடுத்தேன், திருப்பி வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

எழுதிவிட்டேன். காலை ஒன்பது இருபதுக்கு, பதிவேட்டில், நீல மசியில். இரண்டு நாள் தாமதம் என்பதையும் சேர்த்து.

ஏன் எழுதினேன்? நல்லவள் என்பதால் இல்லை. நேற்று முழுக்க கவுன்ட்டரில் நிற்கும்போதெல்லாம் சீட்டை மூன்று தடவை பார்த்தேன், அப்படியும் நம்பிக்கை வரவில்லை. குட்டியை என்னிடம் கொடு என்று கேட்கிறவள் இப்படியா இருப்பாள்?

தலைமை டாக்டர் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஒரு மாசம் கவுன்ட்டர் பக்கம் வராதீங்கம்மா. உள்ள ரேக் அடுக்குங்க" என்றார். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "எழுதித் தரேன். ஆனா இதையும் எழுதுவேன். எழுதாம விட்டா நாளைக்கு என் கையெழுத்துக்கு என்ன மரியாதை?"

சரிங்க சார் என்றேன்.

கொட்டாவி மூக்கைச் சிந்திக்கொண்டே பை எண்ணினாள்.

மார்ச் 21, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு. நானே கெடுத்துக்கிட்டேன். வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஆசிரியை வீட்டுக்கே வந்து இழுத்துக்கொண்டு போனாள். அது செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறும் போனது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்று வேறு மாதிரி செய்து பார்த்தேன். பத்து நாளாக ரேக் அடுக்கும்போது மண்டைக்குள் ஒன்றே ஒன்று ஓடுகிறது: கேட்டதைத் திருப்பிச் சொல்வது சரிபார்ப்பது ஆகாது, என் கையில் உள்ள சீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதனால் குட்டி ஏதோ கேட்டதும் தலையாட்டாமல், எனக்கு என்ன புரிந்ததோ அதைப் படமாக வரைந்து திரையில் காட்டினேன். நாய். "நோ" என்றாள். பூனை. "நோ!" அவளே தன் பக்கம் ஒரு தாளை இழுத்து வரைந்து காட்டினாள். ஜன்னல். என் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலைக் காட்டினேன். எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. ஐந்து நிமிஷம் அந்தச் சுவரையே பார்த்தாள். இந்த வாரம் எத்தனை நோ, நான் எண்ணவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

எதிர்காலம் முடிந்தது. ஆப்லாரே, பேசுவேன். அடுத்து ஆப்லாரியா, வாய்ப்பிருந்தால் பேசுவேன்.

"‘பேசியிருப்பேன்’னு ஒண்ணு இருக்கு மேம், கொஞ்சம் கஷ்டம். நேரமில்ல, விட்டுடுவோமா?"

விட்டுவிடலாம் என்றேன். அது எனக்குத் தமிழிலேயே நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 10, வியாழன்

என்னைப் பற்றி இரண்டு பக்கம் மனப்பாடம். வீட்டைப் பற்றி ஒரு பக்கம். பள்ளிக்கூடம், மருத்துவர், சாப்பாடு. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

மனப்பாடம் செய்த இரண்டு பக்கத்தில் ஒரு வரியைக்கூட அதிகாரி அம்மாள் கேட்கவில்லை.

முதல் கேள்வியே கடிதம். கையில் பிடித்துக் காட்டினார். வேகமாகப் பேசினார், பாதி புரிந்தது. பயத்தில் "சி, சி" என்று தலையாட்டத் தோன்றியது. ஆட்டவில்லை. எனக்குப் புரிந்த பாதியை என் வார்த்தையில் சொல்லி, மீதி புரியவில்லை என்றேன். அவர் மெதுவாக மறுபடி கேட்டார். அன்று என்ன நடந்தது?

என்னிடம் இருந்தது அந்த ஒரு அச்சுதான். பார்ப்பது என்ற வினையும் அதே அச்சு. அதை வைத்தே சொன்னேன். நான் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். சீட்டைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பேசினேன். ஆப்லே. அவ்வளவுதான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுதினார்.

கடைசி ஐந்து நிமிஷம் குட்டியை உட்கார வைத்தார்கள். அவள் ஜன்னலைக் கேட்பாள், நாயைக் கேட்பாள் என்று இருந்தேன். புருவத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்று கேட்டாள். இந்த ஒரு தடவை எல்லாச் சொல்லும் புரிந்துவிட்டது. அப்பாவோடு நீ ஏன் பேசாமல் இருந்தாய்?

அதிகாரி அம்மாள் பேனாவைத் தூக்கி நிறுத்தினார். கடல் தாண்டிப் பேசப் போன் கட்டணம் அதிகம் என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். என்னிடம் அதற்குச் சொல் இல்லை என்பது ஒரு பக்கம். அந்தப் புருவத்தின் முன் பொய் சொல்லி நான் ஜெயித்ததே கிடையாது.

"போர்கே யோ ஆப்லே மால்" என்றேன். நான் மோசமாகப் பேசிவிட்டேன், அதனால்.

குட்டி யோசித்தாள். நான் செய்கிற மாதிரியே, புரிந்ததைத் திருப்பிச் சொன்னாள். நீ மோசமாகப் பேசினாய். "சி" என்றேன். அப்புறம் சாதாரணமாக, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி ஒன்று சொன்னாள். "பாப்பா ஆப்லாபா தே தி. சியெம்ப்ரே." அப்பா உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். எப்போதும்.

திரை அணைந்ததும் வாய்விட்டு அழுதேன். படுபாவி. எப்பவுமாம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?

சொல்லவிடாமல் செய்தது யார்?

ஏப்ரல் 12, சனி

ரேக் அடுக்கினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பதில் இல்லை. கவுன்ட்டருக்குத் திரும்ப விட்டார்கள். கொட்டாவி வாசித்தாள், நான் சீட்டைப் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். முடிந்ததும் இரண்டு பேரும் மூச்சு விட்டோம். "பதில் வந்துதா அக்கா" என்று இப்போது அவள் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மே 14, புதன்

மூன்று பக்கக் கடிதம். அகராதியோடு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது பக்கத்தில் "தவறைத் தானே சொன்னவர்" என்று ஒரு வரி. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அங்கே புரியவில்லை. மூன்றாவது பக்கத்துக்கு ஆசிரியையைக் கூப்பிட்டேன். அவள் படித்தாள். படித்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

குட்டி வந்ததிலிருந்து நிம்மதியாக எழுத விடமாட்டேன் என்கிறாள். என் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் இது என்ன, இது என்ன என்கிறாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் என் ஆப்லார் அட்டவணையில் இரண்டு இடத்தில் சிவப்புப் பென்சிலால் திருத்தம் போட்டாகிவிட்டது. பக்கத்தில் தனக்கும் ஒன்று வேண்டுமாம், தமிழில். நான் பால் சூடாக இருக்கிறது என்றால், "பால் சூடு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுகிறாள். கொட்டாவி நேற்று வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்று சிரித்தாள்.

கேட்டாளே என்று உட்கார்ந்து எழுதினேன். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அத்தை பேசுகிறாள். நேற்று பேசினேன், நாளைக்குப் பேசுவேன். "அப்பா பேசினார்" என்ற வரிக்குப் பக்கத்தில் அவளே ஒரு புருவம் வரைந்தாள். நாம் பேசுகிறோம் என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. பேசு, பேசுங்கள் என்று தாளின் அடிவரைக்கும் வந்தாகிவிட்டது.

ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருக்கிறது. ஸ்பானிஷ் அட்டவணையில் அங்கே ‘பேசாதே’ இருக்கிறது. குட்டி அதை எண்ணிப் பார்த்துவிட்டு, இங்கே ஏன் ஒன்று குறைகிறது என்று விரலை வைத்துக் கேட்டாள்.

தமிழில் அது கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

இடது புருவம் மேலே போயிருக்கிறது. பார்க்காத மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.