பின்னறைக்கு நீ இழுத்த ஒயர்

இன்று காலை நெட் கனெக்‌ஷன்காரர் வந்து பின்னறைச் சுவரிலிருந்த ரூட்டரைக் கழற்றினார். இப்போது வருகிற புது ரூட்டர் ஒன்றே வீடு முழுக்க எடுக்கும், இது இனி வேண்டாம் என்றார். கழற்றியதை என் கையில் கொடுத்தபோது அதன் அடியில் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்திரியைப் பார்த்தேன். மார்க்கர் பேனாவால் நீ எழுதிய பாஸ்வேர்டு. என் மகள் மெர்சியின் பெயரும் அவள் பிறந்த வருஷமும். உன் கையெழுத்து எப்போதும் போல வலப்பக்கம் சாய்ந்திருந்தது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று அவர் இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

குன்னத்துக்கு அந்தப் பக்கமிருந்த உன் புருஷன் ஊரிலிருந்து, ஒரு பையோடு நீ இங்கே வரதராசன்பேட்டையில் வந்து இறங்கிய மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இடது கன்னம் வீங்கியிருந்தது. போனை அவன் உடைத்துவிட்டதால் சொல்லிவிட்டு வர முடியவில்லை என்றாய். உன் அண்ணன் பையை வாங்கி உள்ளே வைத்தார். முந்திரிக்கொட்டை மூட்டைகளைப் பின்னறையிலிருந்து எடுத்துவிட்டு அங்கே உனக்குக் கட்டில் போட்டோம். நாலு நாள் இருந்துவிட்டுப் போவாய் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

நீ போகவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஜெயங்கொண்டத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள் நீ. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைகளாகத் தேடித் தேடி மனு போட்டாய். ஆனால் ஹாலில் இருந்த வைஃபை பின்னறைக்கு வரவில்லை. உங்கள் அப்பா கட்டிய முன்கட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். உன் அண்ணன் ஸ்கூல் மார்க் ஏற்றும் கம்ப்யூட்டர் ஹாலில், மெர்சியின் லேப்டாப் நடு அறையில், உன்னுடையது பின்னறையில். மூன்றுக்கும் ஒரே சமயத்தில் நெட் வேண்டும் என்றால் ஒயர் இழுத்தால்தான் உண்டு என்று முடிவு செய்தாய்.

ஒயர் இழுத்த அந்த இரண்டு நாளும் நாம் சிரித்த மாதிரி இந்த வீட்டில் நான் சிரித்ததே இல்லை. நீ ஸ்டூலில் ஏறி உத்தரத்தை ஒட்டி ஆணி அடித்தாய். நான் கீழே நின்று ஒயரை விட்டுக்கொடுத்தேன். பரணில் கிடந்த பழைய ரூட்டரைத் துடைத்து, பின்னறைச் சுவரில் மாட்டி, ஒயரின் மறுமுனையை அதில் செருகினாய். பிறகு லேப்டாப்பில் ஏதேதோ மாற்றினாய். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"முன்னாடி இருக்கறதுதான் எல்லா கம்ப்யூட்டருக்கும் நம்பர் குடுக்கும் அண்ணி. இதுவும் குடுக்க ஆரம்பிச்சா ரெண்டும் அடிச்சுக்கும். அதான், நீ வாய மூடிட்டு வந்தத வாங்கி அனுப்புனா போதும்னு இதுக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஒரு வூட்டுல ரெண்டு பேரு அதிகாரம் பண்ணக்கூடாதுல்ல."

நீ சும்மா சொன்னதுதான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம்தான் சமையலறையில் சாமான்களை நீ இடம் மாற்றி வைத்ததற்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறபோது எதையும் மறைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். நீ வந்த மூன்றாம் மாதத்திலிருந்து, இவள் எப்போது போவாள் என்ற நினைப்பு எனக்கு அவ்வப்போது வந்தது. வந்ததும் அதற்காக வெட்கப்படுவேன். மறுபடியும் வரும்.

சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து உனக்குப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத வேண்டும். அதே சனிக்கிழமைதான் உன் மாமனாரும் மாமியாரும் சமாதானம் பேச வருவதாக உன் அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வரும் நாளை மாற்றச் சொல்லி அவரிடம் கேட்டாய். பெரியவர்களை வராதே என்று சொல்ல முடியாது என்றுவிட்டார். அன்று காலை நீ சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வேலை கெடச்சிட்டா அண்ணன் ஒன்னும் சொல்லாது அண்ணி. ஒரு மணி நேரம் மட்டும் நெட்டு போவாம பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஹாலில் ரூட்டர் பிளக்கின் மேல் 'கழட்டாதீங்க' என்று ஒரு துண்டுத்தாள் ஒட்டிவிட்டுப் போய்ப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாய்.

பதினொன்றே காலுக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். சமையலறைச் சுவிட்ச் போர்டு முதல் நாளே கருகிப் போயிருந்தது. சாம்பாருக்குத் தேங்காய் அரைத்தாக வேண்டும். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அங்கே இருந்த இரண்டு பாயிண்டில் ஒன்றில் அவர்களுக்காகப் போட்ட டேபிள் ஃபேன், இன்னொன்றில் ரூட்டர். உன் மாமியாருக்கு முன்னால் ஃபேனைப் பிடுங்க எனக்குத் தயக்கமாக இருந்தது. உன் தாளைப் பார்த்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் மாதிரி நிதானமாகப் படித்தேன். இரண்டு நிமிஷம்தானே என்று ரூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன்.

அரைத்து முடித்துத் திரும்ப மாட்டினேன். அது உயிர் பெற்று எழ எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டு உன் அறைக் கதவைத் திறந்தேன். நீ லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். பரீட்சைப் பக்கம் மூடிக்கொண்டுவிட்டது, மறுபடி திறக்க முடியாது என்று அதில் வந்திருந்தது.

"கரண்ட் போச்சா அண்ணி?"

"ஆமா" என்றேன்.

உன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நீ நிமிர்ந்து அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நானும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது.

"சரிங்க அண்ணி" என்று சொல்லி லேப்டாப்பை மூடினாய்.

அன்றே அவர்களோடு கிளம்பிவிட்டாய். ஹாலுக்கு வந்து, போகிறேன் என்று நீயாகவே உன் அண்ணனிடம் சொன்னாய். அவருக்கே ஆச்சரியம். நல்ல புத்தி வந்தது என்று உன் மாமியார் என்னிடம் சொன்னாள். கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம், இன்னொரு தடவை தருவார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். மிக்ஸிக்காகப் பிடுங்கினேன், என் தப்புதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததால், நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நீ நினைத்திருப்பாய். இந்த வீட்டில் உனக்கு இருந்த ஒரே ஆளும் அவர்கள் பக்கம் போய்விட்டாள் என்று நினைத்திருப்பாய். பரீட்சை போனதற்காக நீ கிளம்பவில்லை. அது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை பேசினோம். அங்கே வயலில் வெங்காய அறுவடை நடக்கிற நாட்கள். யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாய். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்கிறது என்றாய். மெர்சி எப்படிப் படிக்கிறாள், பின்னறையில் நெட் நன்றாக வருகிறதா என்று விசாரித்தாய். நின்றுபோனால் முன்னால் இருப்பதை முதலில் போட்டு, அது நிலைக்கு வந்த பிறகு பின்னால் இருப்பதைப் போட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய்.

காய்ச்சலாக ஆறு நாள் அந்த வீட்டில் கிடந்திருக்கிறாய். ஏழாம் நாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது உன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்த உன் அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இங்கே இருந்திருந்தால் முதல் நாளே ஆண்டிமடத்துக்கு ஆட்டோவில் கூட்டிப் போயிருப்பேன். உனக்கு ஒரு தும்மல் வந்தாலும் கஷாயம் போட்டவள்தானே நான்.

ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆண்டவர் மன்னிக்கிறவர் என்று சொல்லிச் செபங்கள் கொடுத்தார். எல்லாச் செபத்தையும் சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். மனசு கொஞ்சமும் லேசாகவில்லை. நான் சொல்ல வேண்டிய ஆள் நீ.

உன் அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. தன்னால்தான் நீ செத்தாய் என்று அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். அப்படியில்லை, அதில் பெரும்பங்கு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பாரம் குறையும். அதையும் சொல்ல முடியாமல் அவர் தட்டை எடுத்துக் கழுவி வைக்கிறேன்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். பொய் சொல்கிறீர்களே என்று ஒரு தடவை கேட்டிருந்தால்கூட நான் அழுது உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். சரிங்க என்றாய். அந்த 'ங்க'வை நீ விடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.