மாடிக்காரருக்கு வடிகட்டிய பருப்பு

அண்ணா,

மருத்துவமனைக்குப் போகிறேன். மதியம் மாடிக்காரரை அழைத்து வருவேன். தாடையில் கம்பி கட்டியிருப்பதால் ஆறு வாரம் அவருக்கு உறிஞ்சுகுழாயில்தான் சாப்பாடு. பருப்பை அரைத்து, இரண்டு முறை வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். தொடாதே. போன வாரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வைத்திருந்த பருப்பில் நீ கறிச்சாறு கலந்ததைப் பார்த்தேன்.

கறியை விட்டுவிட்டேன் என்றுதானே அவர் சொன்னார்? "கறிக்கடைக்காரன் வீட்ல குடியிருந்துக்கிட்டு கறியைப் பார்த்தா குமட்டுதாடா?" என்று குக்கர் மூடியால் அடித்தாய். முதல் அடியிலேயே விழுந்துவிட்டார். நெஞ்சில் முழங்காலை ஊன்றி மறுபடி அடித்தாய். இன்று காலைகூட அடுப்புக்கடியில் ஒரு பல் கிடைத்தது.

படியில் விழுந்தார் என்று டாக்டரிடம் சொன்னாய். நானும் தலையாட்டினேன். மாடிக்காரரும் உனக்குப் பயந்து அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

பி.கு.: முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். "இந்த ஊமைக்கோட்டானா பேசப் போகுது?" என்று சிரிப்பாய். எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன். வாய் வராவிட்டால் தாளை நீட்டிவிடுவேன்.

அவர்கள் வந்தால் ஓடாதே, அண்ணா. தேய்த்த சட்டை நாற்காலியில் இருக்கிறது.