பத்து லட்சம் வோன்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். நீ அந்தக் கப்பல் பட்டறையில் கை கால் பத்திரமாக, நலமாக இருக்க வேண்டும், அதை மட்டும் மனதாரச் சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, மருந்துக்கடைக்காரர் கொடுத்த தைலம் வாசனைக்குத்தான் ஆகிறது. அண்ணன் தையல் கடை போட முன்பணம் கொடுத்துவிட்டான், மீதியைக் கேட்டுக் கடைச் சொந்தக்காரர் தினமும் வந்து நிற்கிறார். எதை நம்பிக் கொடுத்தான் என்று உனக்குத் தெரியும்.

நீ போன பிறகுதான் நான் கொரிய சீரியல் பார்க்க உட்கார்ந்தேன். நீ நடக்கிற தெரு எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான், பிறகு அதிலேயே விழுந்து கிடந்தேன், மறைக்கவில்லை. முதலில் அவர்கள் காசு தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாத்திரம் கழுவிப் பிழைக்கிற பெண் ஐயாயிரம் வோன் கொடுத்துக் காபி குடிக்கிறாள், அவளே மொட்டைமாடி அறைக்கு மாத வாடகை ஐந்து லட்சம் கட்ட முடியாமல் அழுகிறாள். இவளுக்கு என்னடி அழுகை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டது, ஒரு சைபரை வெட்டிவிட்டு மிச்சத்தில் பாதிக்குச் சற்று மேலே வைத்தால் நம் காசு. அதனால் நீ போனில், அம்மா பேரில் பத்து லட்சம் போட்டிருக்கிறேன் என்று சொன்னதுமே, இது அந்தப் பெண்ணின் இரண்டு மாத வாடகை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஸ்பீக்கர் போட்டிருந்தது, சித்தப்பா சித்தி எல்லாரும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் உன் மானத்தை வாங்க வேண்டாம், அண்ணனிடம் நீயே தனியாகச் சொல்லிவிடுவாய் என்று பேசாமல் இருந்தேன்.

பாஸ்புக்கில் அறுபதாயிரத்தைப் பார்த்ததும், மிச்சம் எங்கேம்மா என்றான் பெரியவன். அது அந்த ஊர்க் காசுடா, அவ்வளவுதான் வரும் என்றேன். சீரியலைப் பாத்துட்டு எனக்குக் கணக்கு சொல்றீங்களா என்று சிரித்தான். அப்புறம் உனக்குப் போன் போட்டான். நம்ம காசுதான், அம்மாகிட்டயே கேளு என்று நீ சொன்னாயாம். உனக்கு எப்படியடா வாய் வந்தது?

இப்போது மிச்சப் பணத்தை நான் வேறு கணக்கில் வாங்கி உன் அக்காவுக்கு ஒதுக்கிவிட்டேனாம். நேற்று அப்பாவுக்கு மருந்து வாங்கப் போய்த் திரும்பினால் பீரோவில் என் புடவைகள் வேறு மாதிரி மடித்துக் கிடந்தன. உன் அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுடைய வளையலும் அந்த முன்பணத்தில் போயிருக்கிறது. உன் அப்பாகூட, ஏதாவது இருந்தா குடுத்துடேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். அந்த நாட்டின் பெரிய நோட்டில் ஒரு அம்மாவின் படம் போட்டிருக்கிறார்களாமே, உன் கையில் அது வரும்போது ஒரு நிமிஷம் பார்.

நீ அனுப்பியது கொஞ்சம் என்று எனக்கு ஒரு நாளும் குறை இல்லை. ஒரு காபிக் காசு அனுப்பியிருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். உன் கௌரவத்துக்கு என்னைத் திருடியாக்கினாயே, அதுதான் ஆறவில்லை. வெல்டிங் செய்யும்போது கண்ணாடியைக் கழற்றாதே, பசியோடு வேலைக்குப் போகாதே. எங்கிருந்தாலும் நன்றாக இரு, அதில் எனக்கு வஞ்சகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். என் போனுக்குக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். அண்ணன் போனுக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கர் போடச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்